பழைய ரியோஹா ஒயினை ஒரே ஒரு மாதிரிப் பாட்டிலை நம்பி வாங்கலாமா?

லண்டனில் ஓர் உணவகத்தின் ஒயின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கும் வாசகர் ஒருவர், வட ஸ்பெயினில் உள்ள ரியோஹா பகுதியின் ஒயினைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: “ஸ்பெயினைச் சேர்ந்த ஒரே சேகரிப்பாளரின் நிலவறையிலிருந்து வந்தவை என்று சொல்லி, 1970, 1981, 1994 ஆகிய ஆண்டுகளின் ரியோஹா கிரான் ரெசெர்வா சிவப்பு ஒயின் 60 பாட்டில்களை ஒரு தரகர் மொத்தமாகத் தர முன்வருகிறார். விலை குறைவு. 1981 பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து ருசிக்கக் கொடுத்தார். மிக நன்றாக இருந்தது. இவற்றைப் பட்டியலில் சேர்க்கலாமா? பழைய ஒயினை எப்படி ருசித்து மதிப்பிடுவது?”

அந்த ஒரு பாட்டிலை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்த ஒயினில் ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனிப் பானை. ஒரே நாளில், ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பப்பட்ட இரண்டு பாட்டில்களில் ஒன்றின் தக்கை இறுக்கமாகவும் மற்றொன்றின் தக்கை சற்றுத் தளர்வாகவும் இருந்துவிட்டால், நாற்பது ஆண்டுகளில் அவை இரண்டும் வெவ்வேறு ஒயின்களாகிவிடும். அதிலும் நீங்கள் ருசித்தது தரகர் தாமே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த பாட்டில். மீதி 59 பாட்டில்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கிரான் ரெசெர்வா என்ற சொல்லைப் பலர் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அது முதன்மையாகக் காலக் கணக்கு. ரியோஹாவில் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ரெசெர்வா என்றால் மூன்று ஆண்டு. கிரான் ரெசெர்வா என்றால் ஐந்து ஆண்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில். பாட்டிலின் பின்பக்கத்தில் ஒட்டப்படும், ரியோஹா ஒயினை மேற்பார்க்கும் ஒழுங்குமுறை மன்றத்தின் எண்ணிட்ட முத்திரை இந்தக் கணக்குக்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் பாட்டில் தயாரிப்பாளரின் வாசலைத் தாண்டியதும் அந்தச் சாட்சியம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அது மாட்ரிடின் கோடை வெயிலில் ஒரு மதுக்கூடத்தின் மேல்தட்டில் இருபது ஆண்டு நின்றிருந்தாலும் முத்திரை அப்படியேதான் இருக்கும். இத்தனை நுணுக்கமாக மாதக்கணக்கைச் சரிபார்க்கும் ஓர் அமைப்பு, விற்பனைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வரிகூடப் பதிவு செய்ய வழி வைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

அறுவடை ஆண்டுக்குத் தரப்படும் தகுதியும் இதே போன்றதுதான். ரியோஹா ஒழுங்குமுறை மன்றம் 1964, 1982, 1994, 1995, 2001 ஆகிய ஆண்டுகளை ‘மிகச் சிறந்தவை’ என்றும், 1970, 1981 ஆகியவற்றை ‘மிக நல்லவை’ என்றும் அறிவித்தது. ஆரோ நகரிலிருந்து அல்ஃபாரோ வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பகுதிக்கு, குளிர்ந்த மேற்குக்கும் வெப்பமான கிழக்குக்கும் சேர்த்து, ஒரே சொல். அதுவும் ஒயின் இளமையாக இருக்கும்போதே தரப்படும் சொல். முப்பது ஆண்டு கழித்து வாங்குகிறவருக்கு அதனால் என்ன பயன்? 1994 என்ற எண்ணைக் காட்டி விலையை ஏற்றும் தரகருக்கு மட்டுமே பயன்.

1970 பாட்டில்களில் இன்னொரு கவனமும் தேவை. 1980-களுக்கு முன் அறுவடை ஆண்டைக் குறிப்பிடும் வழக்கம் இன்றுபோல் கண்டிப்பாக இருக்கவில்லை. ‘நான்காம் ஆண்டு’, ‘ஐந்தாம் ஆண்டு’ என்ற பொருளில் எண் மட்டும் அச்சிட்ட சிட்டைகளும் (லேபிள்களும்) உண்டு. அறுவடைக்குப் பின் எத்தனையாவது ஆண்டில் பாட்டிலில் அடைக்கப்பட்டது என்பதையே அவை குறித்தன. இன்றைய ஐரோப்பிய விதியிலும் சிட்டையில் உள்ள ஆண்டின் திராட்சை 85 விழுக்காடு இருந்தால் போதும். ஆகவே 1970 என்ற எண்ணுக்காகவே கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தயாரிப்பாளரின் பெயருக்கும் பாட்டிலின் நிலைக்கும் விலை கொடுங்கள்.

இனிப் பாட்டிலைப் பார்ப்போம். முதலில் திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தோள் உள்ள போர்தோ வடிவப் பாட்டிலில், 1994-க்கு ஒயின் கழுத்தின் அடிப்பகுதி வரை நிற்க வேண்டும். 1970, 1981 ஆகியவற்றுக்குத் தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருக்கலாம். தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். சரிந்த தோளுள்ள பர்கண்டி வடிவப் பாட்டிலில் தக்கையின் அடியிலிருந்து அளக்க வேண்டும்: நான்கு சென்டிமீட்டர் வரை நல்லது, ஆறுக்கு மேல் வேண்டாம். இந்த வேறுபாடு ரியோஹாவில் முக்கியம். ஏனெனில் லோபெஸ் தே எரேதியா நிறுவனத்தின் தொந்தோனியா போர்தோ வடிவத்திலும், அதே நிறுவனத்தின் பொஸ்கோனியா பர்கண்டி வடிவத்திலும் வருகின்றன. அடுத்து, தக்கை மேலே தள்ளப்பட்டிருக்கிறதா, மூடியுறையின் ஓரத்தில் பிசுபிசுப்பான கறை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வெப்பம் பட்டதன் அடையாளங்கள்.

தரகர்கள் எதையெல்லாம் காட்டி நம்பவைக்கிறார்கள் என்பதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ருசிக்கத் தெரியாததால் ஏமாந்தவர்களைவிட ருசிப்பதற்கு முன்பே மனம் சாய்ந்து ஏமாந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். பாட்டிலைச் சுற்றியுள்ள தங்க நிறக் கம்பிவலையைக் காட்டி, ‘பாருங்கள், திறக்கப்படாதது’ என்பார்கள். மார்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் தன் காலிப் பாட்டில்களில் மலிவான ஒயினை நிரப்பி விற்றவர்களைத் தடுக்கவே அந்த வலையைப் பயன்படுத்தத் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் பிற்காலத்தில் அது பல நிறுவனங்களின் அலங்காரமாகிவிட்டது. ‘மூலவறையிலிருந்து, அதாவது தயாரிப்பாளரின் நிலவறையிலிருந்து, நேராக வந்தது’ என்பார்கள். எந்த மூலவறை, எந்த ஆண்டு வெளியேறியது என்று கேட்டால் பெரும்பாலும் மூடிய உணவகம் ஒன்றின் கையிருப்பாக இருக்கும். ‘ஒரே சேகரிப்பாளர்’ என்பதற்கு வாங்கிய ரசீது, கிடங்குப் பதிவு, குறைந்தபட்சம் அட்டைப்பெட்டியோ மரப்பெட்டியோ இருக்க வேண்டும். உங்கள் ஊரில் தீர்வை செலுத்தப்படாத காப்புக் கிடங்குகளில் பெட்டி எப்போது நுழைந்தது என்ற பதிவு இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். இருபது ஆண்டுக்கு முன் ஏதோ ஓர் இதழ் கொடுத்த மதிப்பெண்ணை அச்சடித்துக் கொடுத்தால், அதைத் தொடாமல் திருப்பிக் கொடுங்கள். ‘பழைய கொடிகள்’ என்று எழுதியிருந்தால் கொடியின் வயதுதான் அது, ஒயினின் வயதல்ல. மூன்று ஆண்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினால், விற்காத ஓர் ஆண்டை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று கொள்ளுங்கள்.

மாதிரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஆண்டிலும் மட்டம் மிகவும் இறங்கிய, தோற்றத்தில் மோசமான பாட்டிலை எடுங்கள்; அது உயிரோடு இருந்தால் மற்றவற்றுக்கு நம்பிக்கை உண்டு. அதற்கான விலையை நீங்களே கொடுத்துவிடுங்கள். கடன்பட்டவரின் நாக்கு நேர்மையாக மதிப்பிடாது. பாட்டிலை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து வண்டலை இறங்கவிட்டு, பொடியும் தக்கைக்கு ஏற்ற இரட்டை அலகுத் திறப்பானால் திறந்து, 16 அல்லது 17 டிகிரி வெப்பத்தில் சிறிதளவு ஊற்றுங்கள். முதலிலேயே குடுவைக்கு மாற்றிவிடாதீர்கள்.

திறந்த உடனே வரும் மந்தமான, அடைபட்ட வாசனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது பத்து, இருபது நிமிடத்தில் விலகிவிடும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை இருந்து, காற்றுப் படப்படக் கூடினால், அது டி.சி.ஏ. என்னும் தக்கைக் கேடு. அதற்கு மாற்று இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை, விளிம்பில் செங்கல் நிறமும் நடுவில் சிவப்பின் சாயலும் இருந்தால் நல்லது. விளிம்பு முதல் நடுவரை பழுப்பாகி, அடிபட்ட ஆப்பிளின் மணம் வந்தால் ஒயின் முடிந்துவிட்டது. வாயில் உலர்ந்த செர்ரி, அத்தி, ஆரஞ்சுத் தோல், புகையிலை, தோல்பொருள் ஆகிய சுவைகளைத் தேடுங்கள். அமெரிக்க ஓக்கின் வனிலாவும் தேங்காயும் கலந்த மணம் பழைய ரியோஹாவுக்கு இயல்பு. ஆனால் விழுங்கிய பின் அந்த மரமும் வறட்சியும் மட்டுமே நாக்கில் நின்று பழச்சுவை காணாமல் போனால், பட்டியலில் அதற்கு இடமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் நல்ல ருசிப்பாளர்களும் இங்கேதான் தவறான பாட்டிலைத் தள்ளுகிறார்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் வினிகர் சாயலைக் குறை என்றே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதி சிவப்பு ஒயினில் அந்தச் சாயலைத் தரும் ஆவியாகும் அமிலத்துக்கு லிட்டருக்கு 1.2 கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் நீண்ட காலம் முதிரும் ஒயின்களுக்கு அந்த வரம்பைத் தாண்ட அனுமதிக்கும் விலக்கும் அதே விதியில் உண்டு. காரணம் எளிது. தொந்தோனியா கிரான் ரெசெர்வா ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பழைய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் இருக்கிறது; மார்கேஸ் தே முரியேத்தாவின் காஸ்தில்யோ இகாய் ஒயினின் சில பழைய ஆண்டுகள் அதைவிட நெடுங்காலம் மரத்தில் கிடந்தன. இத்தனை ஆண்டுகள் மரத்தின் வழியே காற்றைச் சுவாசித்து, அவ்வப்போது வண்டல் நீக்கிப் பீப்பாய் மாற்றப்படும் ஒயினில் அந்த அமிலம் மெல்லக் கூடும். அது அளவோடு இருக்கும்போது மணத்தை மேலே தூக்கிக் கொடுக்கிறது; அதை எடுத்துவிட்டால் அந்த ஒயினின் அடையாளமே போய்விடும்.

அப்படியானால் குணத்தையும் குறையையும் எப்படிப் பிரிப்பது? அரைமணி நேரம் காத்திருங்கள். சுருக்கென்ற மணம் பழத்தோடு சேர்ந்தே எழுந்து, காத்திருக்கக் காத்திருக்க அடங்கி, தொண்டையில் எரிச்சல் இல்லாமல் புளிப்பு நீளமாக ஓடினால் அது பாணி. நகப்பூச்சின் வாசனை போலத் தனித்து நின்று, நேரமாக ஆகக் கூடி, விழுங்கும்போது தொண்டையைச் சுட்டால் அது கெட்ட பாட்டில். இன்னும் உறுதி வேண்டுமானால் மூடி வைத்து மறுநாள் ருசியுங்கள்: இந்த மரபுப் பாணி ரியோஹா காற்றுக்குப் பழகியது என்பதால் மறுநாளும் நின்று பேசும், கெட்டது வினிகராகவே நிற்கும். இந்தச் சலுகை நீண்ட பீப்பாய் வாசத்துக்கு மட்டுமே உரியது. 1990-களில் புதிய பிரெஞ்சு ஓக்கில், அடர்ந்த நிறத்தோடு செய்யப்பட்ட ரியோஹாவுக்கும், ஸ்பெயினின் மற்றொரு ஒயின் பகுதியான ரிபேரா தெல் துவேரோவின் பெரும்பாலான ஒயின்களுக்கும் இதை நீட்டாதீர்கள். அவற்றில் அதே மணம் வந்தால் குறை என்றே எழுதுங்கள்.

உணவகத்துக்கென்று ஒரு கேள்வி உண்டு: விருந்து முடியும் வரை அது கோப்பையில் நிற்குமா? திறந்ததும் ஒன்று, அரைமணியில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என்று குறிப்பெழுதுங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் அழகாக இருந்து சரியும் ஒயினை நீங்கள் வீட்டில் குடிக்கலாம், விருந்தினருக்கு விற்கக் கூடாது. பன்னிரண்டு பாட்டிலுக்கு ஒன்றிரண்டு கொட்ட வேண்டியிருக்கும் என்று வைத்தே விலை போடுங்கள். அடர் சிவப்பை எதிர்பார்த்து வரும் விருந்தினருக்கு, வெளிறிய நிறத்தையும் புளிப்பையும் பற்றித் திறப்பதற்கு முன்பே பணியாளர் சொல்லிவிட வேண்டும். நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியோடு பரிந்துரைத்தால் அந்தப் புளிப்பு தன் வேலையைச் செய்யும்.

தரகரே தேவையில்லாத வழியும் இருக்கிறது. முதிரவைக்கும் வேலையை முடித்த பிறகே விற்கும் நிறுவனங்கள் ரியோஹாவில் உள்ளன: தொந்தோனியா கிரான் ரெசெர்வா ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே வெளிவருகிறது, லா ரியோஹா ஆல்தா நிறுவனத்தின் 904 என்னும் ஒயின் சுமார் பத்து ஆண்டில் வருகிறது. இவற்றை அதிகாரபூர்வ இறக்குமதியாளரிடம் வாங்கினால், கெட்ட பாட்டிலை மாற்றிக் கேட்க ஓர் ஆள் இருப்பார். அறுபது பாட்டில் பழைய சரக்கைவிட இவற்றில் இரண்டு பெட்டி உங்கள் பட்டியலுக்கு அதிக மதிப்பைத் தரும்.

உங்கள் தரகருக்கு எழுத்தில் மூன்று கோரிக்கைகள் அனுப்புங்கள்: ஒவ்வொரு பாட்டிலின் மட்டமும் தெரியும் புகைப்படங்கள், கிடங்குப் பதிவின் நகல், ஆண்டுக்கு ஒரு மாதிரியை நீங்களே தேர்ந்து விலைக்கு வாங்கும் உரிமை. இவற்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் விட்டுவிடுங்கள். மூன்றையும் கொடுத்தால் 1994 பாட்டில்களை முதலில் ருசித்து, நன்றாக இருப்பின் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981 பாட்டில்களில் கழுத்து மட்டம் நல்லவற்றைத் தனியாக விலை பேசுங்கள். 1970 பாட்டில்களைத் தயாரிப்பாளரின் பெயர் தெரியாமல் தொடாதீர்கள்.