நிதானமான அப்பாவாக மாற முடியுமா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். வீடு திருநகர். பஸ் பிடித்துப் போய்ச் சேர இரவு பத்து மணி ஆகிவிடும். சித்திரை ஒன்றாம் தேதி தீர்மானம் எடுத்தேன்: காலை ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, ஒரு மணி நேரம் படிப்பது, வரவு செலவு எழுதுவது, எட்டு வயது மகளிடம் கத்தாமல் இருப்பது. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மற்றதைக்கூட விடலாம், மகளிடம் எரிந்து விழுவதுதான் மனதை அறுக்கிறது. என் பிறவிக் குணமே இதுதானா?

பதில்: பிறவிக் குணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் ஐந்தில் மூன்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பத்து மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிறவர் ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம் போதாது. தூக்கம் குறைந்தால் நிதானம்தான் முதலில் போகும். உங்கள் முதல் தீர்மானமே கடைசித் தீர்மானத்தைக் கெடுத்திருக்கிறது.

மற்றவர்களின் நடத்தையைப் பார்த்து அவர்களை எடைபோடுவது போலவே, நம்மைப் பற்றியும் நம் நடத்தையைப் பார்த்துத்தான் பல நேரம் முடிவுக்கு வருகிறோம் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் டேரில் பெம். ‘நான் கோபக்காரன்’ என்ற எண்ணம் உங்களுக்கு அப்படி வந்ததுதான். அது மாற, நீங்களே கண்ணால் பார்க்கும்படி தினமும் வேறொன்றைச் செய்தாக வேண்டும்.

‘கத்தாமல் இருப்பது’ ஒரு செயல் இல்லை. அதை எப்படிப் பழகுவது? கைகாலுக்கு ஒரு வேலை வேண்டும். நீங்கள் எந்த நிமிடத்தில் கத்துகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் வலிக்கிறது, பசி வேறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். அனேகமாக அங்கேதான் வெடிக்கிறது. அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் முகம், கை, கால் கழுவுவேன். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பேன். அப்புறம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்னைக்கு யார்கூட விளையாண்ட?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். மார்க், வீட்டுப்பாடம் பேச்செல்லாம் அதற்குப் பிறகு. மகளிடமும் சொல்லி வையுங்கள், ‘அப்பா காலைக் கழுவிட்டு வந்துர்றேன்டா’ என்று. அவளே ஞாபகப்படுத்துவாள்.

‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இடம், நேரத்தோடு முடிச்சுப் போட்ட தீர்மானம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிற்கும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் பிறகு பலரும் ஆய்ந்து சொன்னது இது.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் கத்திவிட்டால் மகளிடம் ‘அப்பா மேல தப்பு’ என்று சொல்லிவிட்டு மறுநாள் தொடருங்கள்.

வாழ்நாள் முழுக்க என்று சபதமும் வேண்டாம். உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான் மேல மாசி வீதி. அங்கே, இப்போது கதர்க்கடை இருக்கும் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறினார். அன்றைய அறிக்கையில் அவர் சொன்ன கெடு, குறைந்தது அக்டோபர் 31 வரை என்பதுதான். ஐந்தரை வாரம்! கெடு முடிந்த பிறகும் கடைசிவரை அதுவே அவர் உடையாக நின்றுவிட்டது. நீங்களும் இந்த மாதக் கடைசி வரை என்று ஆரம்பியுங்கள்.

படிப்புக்குத் தனி நேரம் தேட வேண்டாம். காலையில் திருநகரிலிருந்து பெரியார் நிலையம் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு பக்கம். புத்தகம் சாப்பாட்டுப் பையிலேயே இருக்கட்டும். வார லீவில் மகளை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். குழந்தைகளுக்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது.

தீபாவளி சீசனில் நீங்கள் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். அப்போதும் கைகால் கழுவிவிட்டு அவள் நோட்டை ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள். காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நேரம் குறையலாம், வரிசை மாறக் கூடாது.

கோபம் கை நீட்டும் அளவுக்குப் போனாலோ, பல வாரம் தூக்கமே சரியில்லை என்றாலோ, பழக்கத்தால் மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.