பழைய அலமாரியில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: டிராயர் வைத்த பழைய அலமாரி ஒன்றும், ஆடிப்போன மர நாற்காலிகள் இரண்டும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. பிரித்தெடுத்துச் சின்னச் சின்னக் கைவினைப் பொருட்கள் செய்ய ஆசை. தச்சு வேலை தெரியாது. திருப்புளி, சுத்தியல், சிறிய ரம்பம் மட்டும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: டிராயர்களை உருவி வெளியே எடுத்து வையுங்கள். உங்களுக்கு அதிகம் உதவப்போவது அவைதான். பலகையை அறுத்துவிடலாம், நான்கு மூலையும் நேராகச் சேரும்படி ஒரு பெட்டி செய்வதுதான் புதியவர்களைத் திணறடிக்கும். டிராயரில் அந்த வேலையை ஒரு தச்சர் எப்போதோ முடித்துவிட்டார். குறுக்கே இரண்டு பட்டை வைத்தால் நூலும் பொத்தானும் போட்டு வைக்கும் பெட்டி. நிமிர்த்திச் சுவரில் மாட்டினால் குட்டி அலமாரி. ஆனால் மாட்டும்போது அடிப்பலகையில் திருகு போடாதீர்கள். அது பெரும்பாலும் காடியில், அதாவது பக்கப்பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்தில், செருகிய மெல்லிய பிளைவுட்தான், பாரம் ஏறினால் பிய்ந்து வந்துவிடும். உள்ளே மேல் விளிம்பை ஒட்டி ஒரு கெட்டியான மரச்சட்டத்தைப் பக்கப்பலகைகளோடு சேர்த்துத் திருகி, அதன் வழியாகச் சுவரில் பொருத்துங்கள்.

நாற்காலியின் கடைந்த கால்கள், முதுகுச் சட்டம், குமிழ்கள் எல்லாவற்றையும் இதே போல முழுசாகவே எடுங்கள்.

அலமாரி என்ன மரம் என்று பார்க்க, பலகையின் மேல்பக்கத்தை விட விளிம்பைக் கவனியுங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அசல் மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். தூளை அழுத்தி ஒட்டியது போலிருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அதில் கீல், கைப்பிடி, டிராயர் ஓடும் தண்டவாளம் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு பலகையை விட்டுவிடுங்கள். ஒருமுறை கழன்ற திருகு அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது, ஈரம் பட்டால் உப்பும், அறுத்தால் பசை கலந்த நுண்தூள் மூச்சில் போகும். இவ்வளவு பாடு பட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால், கீழே வெள்ளைத்தாள் விரித்துத் தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தத் துண்டை மற்ற மரங்களோடு சேர்க்காதீர்கள்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். சிறு குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். முதல் வேலைக்குப் பெயின்ட் அடிக்காத பாகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கழற்றுவது எப்படி? சுத்தியலால் ஓங்கி அடித்தால் மரம் இணைப்பிலேயே பிளக்கும். திருகின் தலையில் அடைத்திருக்கும் அழுக்கையும் வார்னிஷையும் ஊசியால் சுரண்டிவிட்டு, பிளவுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளியைப் பயன்படுத்துங்கள். துருப்பிடித்ததை முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். துருவின் பிடி விட்டுவிடும். அப்படியும் அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்கலாம். ஒட்டிய இணைப்புகளில் பழைய விலங்குப் பசை (தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்தது) இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தாலே இளகும். பிறகு மரக்கட்டையை இடையில் வைத்து மெல்லத் தட்டினால் போதும்.

மறுபடி ஒட்டும்போது பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். வெள்ளை மரப்பசை பழைய பசையின் மேலோ வார்னிஷின் மேலோ சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பின் இறுக்கிக் கட்டி ஒருநாள் விட்டுவிடுங்கள்.

மெத்தை நாற்காலியாக இருந்தால் பொடிந்த ஸ்பாஞ்சைத் தொட வேண்டாம், மூட்டைப்பூச்சிக்கும் அது நல்ல இடம். இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக, நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் அலமாரிக் குமிழ்கள் மூன்றைப் பொருத்திச் சாவியும் பையும் மாட்டும் தாங்கி செய்யலாம். குமிழின் திருகுக்கு முன்பே ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்து இறுகிய பழைய மரத்தில் நேரடியாகத் திருகு ஏற்றினால் வெடித்துவிடும்.