தாயின் தட்டும் பிள்ளையின் இதயமும்: கேள்வி-பதில்

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி நான். இப்போது நான் சாப்பிடுவதைப் பொறுத்துத்தான் ஐம்பது வயதில் என் பிள்ளைக்கு மாரடைப்பு வருவதும் வராததும் அமையும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? (விருதுநகர் வாசகி)

பாதி உண்மை. 'பொறுத்துத்தான்' என்பதில் உள்ள 'தான்' தவறு. தொடர்பு இருக்கிறது என்பது சரி.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் பிறப்பு எடையையும், ஒரு வயது நிறைந்தபோது இருந்த எடையையும் பேரேடுகளில் குறித்து வந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் சவுத்தாம்ப்டன் மருத்துவர் டேவிட் பார்க்கர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, அவற்றில் பதிவாகியிருந்த ஆண்கள் பின்னாளில் எந்த நோயால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டு 1989-இல் வெளியிட்டார். ஒரு வயதில் சுமார் 8 கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களிடையே, 12 கிலோவைத் தாண்டியவர்களைக் காட்டிலும், இதய நோய் மரணம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

நமக்கு அருகிலேயே மைசூரில், 1934-க்கும் 1954-க்கும் இடையே ஒரே மருத்துவமனையில் பிறந்த 517 பேரைப் பரிசோதித்து 1996-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியாகத் தாயைச் சுட்டுகிறது. 2.5 கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதய நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கே இருந்தது. எடை குறைந்து பிறந்ததோடு, கர்ப்ப காலத்தில் 45 கிலோகூட இல்லாத தாய்க்குப் பிறந்தவர்களாகவும் இருந்தால், அது 20 சதவீதத்தைத் தொட்டது.

காரணம் உடலின் சிக்கனம். ஊட்டம் குறையும்போது கரு மூளைக்கு முதலில் பங்கு வைத்து, மற்ற உறுப்புகளில் மிச்சம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் ஏறத்தாழ 36-ஆவது வாரத்தோடு உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. குறைந்த நெஃப்ரான்களோடு பிறந்தவருக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு அதிகம். இதயத் தசை அணுக்களும் பிறப்புக்குப் பின் பெரும்பாலும் பருக்கின்றனவே தவிரப் பெருகுவதில்லை.

பிறப்பு எடை மட்டுமே கணக்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான பங்கீட்டு உணவு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரை சுருங்கியது. கருவின் முதல் மாதங்களில் அந்தப் பஞ்சத்துக்கு ஆளானவர்கள் பிறக்கும்போது எடை குறையாமலே பிறந்தார்கள். ஆனால், ஐம்பது வயதை எட்டியபோது அவர்களிடையே இதய நோய் மற்றவர்களைப் போல் சுமார் மூன்று மடங்கு காணப்பட்டது.

இனி 'தான்' ஏன் தவறு என்பதற்கு வருவோம். இவையெல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள். தாயின் உணவோடு வறுமையும் நோயும் அவற்றில் பின்னிக் கிடக்கின்றன. காம்பியா நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு பிஸ்கட் கொடுத்துப் பார்த்தபோது பிறப்பு எடை உயர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் பதின்பருவ இரத்த அழுத்தத்தில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கருவறை ஒரு சாய்வைத் தருகிறது என்பதே என் கருத்து. புகையும் உப்பும் உடலுழைப்பும் பிறகு அந்தச் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

கேள்வி: என் மகன் 2.3 கிலோ எடையில் பிறந்தான். இப்போது நான்கு வயது. 'எப்படியாவது தேற்று' என்று உறவினர் எல்லோரும் சொல்கிறார்கள். நெய்யும் சத்துப் பான மாவும் கூட்டலாமா? (ஈரோடு வாசகர்)

கூட்ட வேண்டாம். நம் வீடுகளில் கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதால், உங்கள் கேள்வியைத்தான் இந்த முறை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பிறந்தவர்களின் வளர்ச்சிப் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் பார்க்கரும் அந்நாட்டு மருத்துவர்களும் எழுதியதைப் பாருங்கள். பின்னாளில் இதய நோய்க்கு ஆளானவர்கள் பிறப்பில் சிறுத்து, இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதன் பிறகு விரைவாக எடை ஏறியவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் முற்றுகையிட்டதால் பட்டினி கிடந்த ரஷ்ய நகரம் லெனின்கிராடு. அந்த முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களிடம் ஆம்ஸ்டர்டாமில் கண்ட அளவுக்குப் பாதிப்பு தென்படவில்லை. முற்றுகை முடிந்தும் அங்கே உணவு செழிக்காததால் அந்தக் குழந்தைகள் திடீரென்று பருக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. பற்றாக்குறையில் பழகிய உடல் மீது மிகுதி வந்து விழுவதே இடர்.

இந்தியக் குழந்தைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அளந்து பார்த்தபோது, அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இத்தனை பின்தங்கியிருந்தும், தசையில் இருந்த குறை கொழுப்பில் அந்த அளவுக்கு இல்லை. மெலிந்து தெரியும் நம் பிள்ளைக்குத் தேவை தசை. நெய்யும் சர்க்கரை சேர்த்த பான மாவும் அதைத் தாரா. முட்டை, பருப்பு, சுண்டல், பால் ஆகியவற்றை வீட்டு உணவோடு கொடுங்கள், ஓடியாட விடுங்கள். வளர்ச்சி அட்டையில் உயரமும் எடையும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவனுடைய இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வயிறு நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகி, சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும் என்று பாட்டி அரை வயிறுதான் சாப்பிடச் சொல்கிறார். (திருவண்ணாமலை வாசகி)

பாட்டியின் காலத்தில் பிரசவத்தில் சிக்கிக்கொண்டால் காப்பாற்ற மருத்துவமனை அருகில் இல்லை. அச்சம் நியாயமானது, அறிவுரை இன்று பொருந்தாது. இருவருக்காகச் சாப்பிடுவதும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரிதான்: ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வீட்டில் மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிடாமல் நீங்களே சாப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயல நினைக்கிறோம். எப்போதிலிருந்து உணவில் கட்டுப்பாடு தேவை? (சென்னை வாசகி)

இன்றிலிருந்து. கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவது கருத்தரித்த நான்காவது வாரத்தில். அதன் அறைகளும் சுவர்களும் எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் பரிசோதித்துப் பார்க்கும்போதே அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால், பிறவி இதயக் குறைபாட்டுக்கான வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. எனவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அளவை, தாழ்சர்க்கரை வராதபடி, 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குங்கள்; கொழுப்புக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுத்தால், அவற்றில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். சோற்றை அறவே விட வேண்டாம். அளவைக் குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள்.

சர்க்கரை நோய் இல்லாத வாசகியருக்கும் ஒரு சொல்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். 140 மில்லிகிராமை எட்டினால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

கேள்வி: நாங்கள் சைவம். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போதுமா? (கும்பகோணம் வாசகி)

போதாமல் போகலாம். புனே ஆய்வில், ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் இந்தச் சத்தின் மாத்திரை வடிவம்) மிகுந்தும் வைட்டமின் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, அதிகம் காணப்பட்டது. சர்க்கரை நோய்க்கும் அதன் வழியே இதய நோய்க்கும் அதுவே முதற்படி. ஃபோலிக் அமிலத்தை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பரிசோதித்துக் குறை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். காய்கறியிலும் தானியத்திலும் பி12 கிடையாது. சைவ உணவில் பாலும் தயிரும்தான் வழி, அவை பல நேரம் போதுவதில்லை.

கேள்வி: மீன் சாப்பிடலாமா? பாதரசம் இருக்கிறது என்கிறார்களே. (தூத்துக்குடி வாசகி)

வாரம் இரண்டு மூன்று முறை தாராளமாகச் சாப்பிடலாம். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைவு. விலையும் கைக்கு அடக்கம். சுறா மட்டும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் கடற்கரை வழக்கம் என்றாலும், பெரிய மீன்களைத் தின்று வளர்ந்த அதன் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும். உப்புக் கருவாட்டையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் மூன்று மாதமும் வாந்தியால் ஒன்றும் சாப்பிட முடியவில்லை. குழந்தையின் இதயத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. (சேலம் வாசகி)

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் நடந்தது, ஊரே மாதக்கணக்கில் குளிரிலும் போரிலும் பட்டினி கிடந்தது. மசக்கை அதற்கு ஒப்பாகாது. பன்னிரண்டாவது வாரத்தில் கருவின் எடையே சுமார் 14 கிராம்தான். அதற்குக் கேட்கும் ஊட்டத்தைப் பெரும்பாலும் உங்கள் உடலின் சேமிப்பே கொடுத்துவிடும். சாதாரண மசக்கை உள்ளவர்களிடம் கருச்சிதைவு குறைவாகவே காணப்படுகிறது. தண்ணீர்கூடத் தங்காமல் போனாலும், சிறுநீர் அடர்நிறமாக மாறினாலும், முன்பிருந்த எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இப்போது வாந்தி நின்றிருந்தால், இழந்ததை ஒரே வாரத்தில் ஈடுகட்ட முயலாமல், கஞ்சி, இட்லி, மோர்ச் சாதம் என்று சிறிது சிறிதாக ஆறு வேளையாகச் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்க்காமல் இரவு உணவுக்குப் பின் எடுத்துப் பாருங்கள். அப்போதும் குமட்டினால் நீங்களாக நிறுத்தாமல், வேறு வகை மாத்திரை தரும்படி செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.