கடலில் சீசன் முடிந்தால் களப்பில் தொடங்கும்: வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

கேள்வி: மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வருகிறோம். "சீசன் முடிந்துவிட்டது, மழைக்குள் வந்து என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உண்மைதானா அக்கா?
(வாசகி, ஸ்காபரோ)

பாதி உண்மை. வாடைக்காற்று எழும்பிவிட்டால் எங்கள் கடல் யாருக்கும் அடங்காது. மேற்குக் கரையிலிருந்து வந்து கடற்கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டிருந்த மீனவர்களே ஐப்பசியோடு கூரையைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003 இல் தேசியப் பூங்காவான இடம். மார்கழியில் அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். படகுக்காரர் யாராவது "பரவாயில்லை, ஏறுங்கோ" என்றாலும் ஏற வேண்டாம். திமிங்கிலம் பார்க்கும் ஆசையைப் பங்குனிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பாதியைச் சொந்தக்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நிலாவெளியிலிருந்து கும்புறுப்பிட்டி, குச்சவெளிப் பக்கம் போகும் வீதியில் மருத்துவமாதுவாக நான் சைக்கிள் மிதித்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு விடியற்புறத்தில் திரும்பும்போது களப்புத் தண்ணீரில் நூறு கறுப்புப் புள்ளிகள் தெரியும். கிட்டப் போனால் வாத்துக் கூட்டம். ஊசிவால் வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கூரிய வாலை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேயும். அந்த வேடிக்கைக்கே பிள்ளைகள் அரை மணித்தியாலம் நிற்பார்கள். சேற்றோரம் உள்ளான்கள் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்கும். சைபீரியாப் பக்கமிருந்தெல்லாம் வந்து சேருகிற கூட்டம் இது. உங்களைப் போலத்தான், பனிக்குப் பயந்து வந்தவை!

காலை ஆறரைக்கு அங்கே நிற்கப் பாருங்கள். ஒன்பது மணிக்கு ஓட்டோ பிடித்துப் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டுவீர்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லும் நாட்களில் வீட்டிலேயே இருங்கள்.

கேள்வி: உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு குருவி சரியாக மாலை ஆறு மணிக்குக் கத்துகிறது. காலையிலும் அப்படியே. ஆளைக் காண முடியவில்லை. அது என்ன?
(ஒரு வாசகர், திருகோணமலை)

கேள்வியிலேயே பெயர் இருக்கிறதே! அது ஆறுமணிக்குருவி. இரண்டு சுரத்தில் விசில் அடிப்பது போல அதன் சத்தம் இருக்கும். புரட்டாதி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து, சித்திரை மட்டும் எங்களோடு இருந்துவிட்டுப் போகும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும்தான் அது கூடு கட்டுகிறது. மரத்தில் தேடாதீர்கள். வாழையடியில், சருகுக்குள் தேடுங்கள். புழுப் பூச்சிக்காக இலையைப் புரட்டிக்கொண்டு நிற்கும்.

நான் அதைக் கையில் வைத்திருந்திருக்கிறேன். ஓர் ஐப்பசி இரவு, விறாந்தை லைற் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடி யன்னலில் 'டப்' என்று மோதி விழுந்தது. இரவில்தான் இவை பயணம் செய்யும், வந்து சேரும்போது களைத்துப் போயிருக்கும். பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, செட்டையில் ஒரு துண்டு நீலம், வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. இந்திக்காரர் 'நவ்ரங்' என்று பெயர் வைத்தது சும்மாவா? வால் மட்டும் கடவுள் மறந்துபோய்க் கடைசியில் ஒட்டியது போலக் கட்டையாக இருந்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் ஒருவர் சோறு வைக்கச் சொன்னார், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இரண்டையும் நான் கேட்கவில்லை. பிஸ்கட் பெட்டியில் வைத்து, காற்றுப் போக இடம்விட்டுத் துணியால் மூடி, இருட்டில் விட்டேன். விடிய மூடியைத் திறந்தேன். ஒரு தத்து, இரண்டு தத்து, மூன்றாவதில் வாழைக்குக் கீழே போய் ஒரு சருகைப் புரட்டியது. அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் வளவைச் சருகே இல்லாமல் கூட்டி எரிக்காதீர்கள். அடுத்த வருஷமும் வரும்.

கேள்வி: கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்குப் பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்கலாமா?
(வாசகி, மட்டக்களப்பு)

கூடாது. பிஸ்கட்டோடு அதன் உறையையும் சேர்த்து மென்றுவிடும். சும்மா நின்று பாருங்கள், அதுவே கிட்ட வரும்.

கேள்வி: பறவை பார்க்க பைனாகுலர் வாங்க நினைக்கிறேன். பத்து மடங்கு பெருப்பிப்பது நல்லதா?
(மாணவர், மூதூர்)

எட்டு மடங்கு போதும். பெட்டியில் 8க்கு 42 என்று போட்டிருக்கும்; 8 பெருப்பிக்கும் மடங்கு, 42 முன் லென்ஸின் அகலம், மில்லிமீற்றரில். பத்தில் உருவம் பெரிதுதான், கை நடுங்கினால் அதுவும் பெரிதாக நடுங்கும். வாங்குவதைவிட மாரியில் அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. என் முதல் பைனாகுலரைத் தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். மூன்று மாதத்தில் லென்ஸுக்குள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம்! எல்லா வாத்தும் பனிக்குள் நிற்பது போலத்தான் தெரிந்தது. இப்போது உறை இல்லை. வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து, இறுக்கி மூடும் தகர டின்னில் அதோடு போட்டு வைக்கிறேன். வெயில் எறித்த நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விடுவேன்.

கேள்வி: மழைக்குள் பிள்ளைகளை வயல் பக்கம் விடப் பயமாக இருக்கிறது. பாம்பு, எலிக்காய்ச்சல் என்கிறார்களே?
(தாய், தம்பலகாமம்)

பயம் நியாயமானது, பழைய தொழிலை வைத்துச் சொல்கிறேன். காலில் காயம் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இறங்கிய பிள்ளைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வயல் வேலை செய்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கலாம். புல்லுக்குள் நடக்கும்போது சப்பாத்து, கையில் ஒரு தடி. புடையன் பாம்பு படுத்துக் கிடந்தால் லேசில் விலகாது.

வரம்பிலும் முற்றத்திலும் விடலாம். முதல் மழைகளோடு சிவப்பு வெல்வெட் துண்டு போலத் தம்பளப்பூச்சி வெளியே வரும். பிள்ளையிடம் காலை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும், ஏனென்றால் அது சிலந்திக்குச் சொந்தம். உள்ளங்கையில் வைத்தால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடந்துவிட்டு மெல்ல ஊரத் தொடங்கும். நெருப்புப்பெட்டிக்குள் அடைக்க மட்டும் விடாதீர்கள். சின்ன வயதில் நான் ஏழு பூச்சிகளைப் பஞ்சு வைத்து அடைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது ஒன்றிலும் அசைவில்லை.