நான்கு பேருக்கும் ஒரே கிருமி, ஸ்வாபில் மட்டும் ஒன்றுமில்லை

தரையையும் கட்டில் கம்பியையும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்தது போதும், இனி ஈரமான பொருட்களைத் தேடுங்கள். ஐசியுவில் பத்தே நாளில் 4 பேரின் இரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) பர்கோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா வளர்ந்தது என்றால், எல்லோருக்கும் பொதுவாகப் போன ஏதோ ஒரு திரவம்தான் முதல் சந்தேகம்: பலமுறை ஊசி குத்தும் மருந்துக் குப்பி, நெபுலைசர் மருந்து, அல்ட்ராசவுண்ட் ஜெல். கிருமிநாசினியையும் விட்டுவிடாதீர்கள். அதற்குள்ளேயே இது உயிரோடு இருக்கும். சொன்னால் வார்டில் நம்பமாட்டார்கள்.

1. நால்வரின் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து, பொதுவான மருந்துகளைப் பேட்ச் எண்ணோடு எழுதுங்கள்.

2. திறந்த குப்பி, அதே பேட்சில் திறக்காத குப்பி, இரண்டையும் கல்ச்சர் போடுங்கள். திறந்ததில் மட்டும் வளர்ந்தால் கோளாறு பெரும்பாலும் வார்டில். திறக்காததிலும் வளர்ந்தால் அந்தப் பேட்சையே நிறுத்திவிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சொல்லுங்கள். கிருமிநாசினி என்றால், அதன் வீரியத்தை முறிக்கும் நியூட்ரலைசர் சேர்த்த ப்ராத் (கிருமி வளர்க்கும் திரவம்) வேண்டும், இல்லாவிட்டால் பொய் நெகட்டிவ்தான் வரும்.

இன்னொன்று, ஆன்டிபயோகிராம் (எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியல்) ஒன்றுபோல இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒரே மூலம் என்று முடிவு கட்டவேண்டாம். உதாரணமாக, கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு இந்தக் கிருமிக்குப் பிறவிக் குணம், அதனால் அது ஒத்துப்போவதில் அர்த்தமில்லை. நால்வரிடமிருந்தும் பிரித்தெடுத்த கிருமி மாதிரிகளை (ஐசொலேட்டுகளை) ஃப்ரீசரில் பத்திரப்படுத்துங்கள். மரபணு ஒப்பீட்டுக்கு அவை கட்டாயம் வேண்டும்.