அட்டை பெண் பெயரில் இருந்தால் மட்டும் போதுமா? மேய்ச்சல் நிலங்களில் நிவாரண உணவு: கேள்வி பதில்

வட கென்யாவின் துர்க்கானா, மார்சபிட், வஜீர், மண்டேரா பகுதிகளில் 2020 இறுதியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. அங்கே ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்து வாழும் குடும்பங்களுக்கு நிவாரண உணவு வழங்கும் பணியில் இருந்தவரிடம் வாசகர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

ஆண்தான் குடும்பத் தலைவர் என்று இருக்கும் சமூகத்தில் உணவைப் பெண் கையில் கொடுத்தால், வீட்டுக்குள் நாமே சண்டையை மூட்டிவிட மாட்டோமா?

மாட்டை விற்பதும் ஒட்டகத்தைக் கல்யாணச் சீராகக் கொடுப்பதும் ஆணின் முடிவு. கறந்த பாலையும் குடிசைக்குள் வந்த தானியத்தையும் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது பெண். ஆகவே தானியத்தை அவளிடம் கொடுப்பது ஊர் வழக்கத்தை ஒட்டியதுதான். ஆணிடம் கொடுப்பதே புதுப் பழக்கம். 1995 பெய்ஜிங் மகளிர் மாநாட்டையொட்டி ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அளித்த வாக்குறுதிகளில் இதுவும் ஒன்று. பின்னர் 2003இல், உணவு வாங்கும் அட்டையையே பெண் பெயரில் தர வேண்டும் என்று அது இன்னும் இறுக்கமானது. சண்டை வருவது, ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டியலை எழுதிக்கொண்டு போகும்போது. மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்கு எத்தனை கிலோ என்று உரக்கப் படித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒருவருக்கு இரண்டு, மூன்று மனைவியர் இருந்தால் அட்டை யாருக்கு?

ஒவ்வொருவருக்கும். துர்க்கானாவில் ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை, தனி அடுப்பு. கணவர் பெயரில் ஒரே அட்டை போட்டால் மூத்தவள் வாங்கி வருவாள். இளையவளின் பிள்ளைகளுக்கு வந்தது வரட்டும் என்ற நிலைதான். மனைவியையும் அவள் பிள்ளைகளையும் ஒரு குடும்பமாக எழுதி, கணவரை யாராவது ஒரு மனைவியின் அட்டையில் மட்டும் சேர்க்க வேண்டும். பதிவு செய்ய வருபவர் தலைகளை எண்ணுவதைவிட அடுப்புகளை எண்ணுவது நல்லது. எந்த அடுப்பில் யார் சாப்பிடுகிறார்கள் என்பது ஊர் நிவாரணக் குழுவில் உள்ள பெண்களுக்குத் தெரியும். ஊர்த் தலைவருக்குத் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

மந்தையோடு வெகுதூரம் போய்விட்ட இளைஞர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். போரானா, கப்ரா மக்களிடம் கறவை மாடுகளும் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக் குடியிருப்பு ‘வாரா’; கறவையற்ற மந்தையோடு இளைஞர்கள் தங்கும் தொலைதூரப் பட்டி ‘ஃபோரா’. பதிவு நாளன்று வாராவில் இருப்பவர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனாலும், அம்மா ஃபோராவில் இருக்கும் மகனுக்குத் தானியம் அனுப்பத்தான் போகிறாள். எழுதாமல் விட்டவரின் பங்கு அவள் தட்டிலிருந்துதான் போகும்.

அட்டையும் பெண் பெயரில், கணக்கும் சரி. அப்படியும் வீட்டுக்குப் போய்ச் சேரும் உணவு குறைகிறது என்கிறார்களே, எங்கே குறைகிறது?

வழியில். திருட்டைச் சொல்லவில்லை, சுமையைச் சொல்கிறேன்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது பொது அளவுகோல். அதற்கான வழக்கமான பங்கீடு 400 கிராம் தானியம், 60 கிராம் பயறு, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் சத்துமாவு, உப்பு. ஆறு பேர் வீட்டுக்கு மாதத்துக்கு மக்காச்சோளம் மட்டும் 72 கிலோ. பயறு ஏறத்தாழ 11 கிலோ, எண்ணெய் நாலரைக் கிலோ. பாதிப் பங்கீடு என்றாலும் 40 கிலோவுக்கு மேல். முதுகில் கைக்குழந்தையோடு வந்தவள் இதை எப்படித் தூக்கிப் போவாள்? கழுதை வைத்திருப்பவரைக் கூப்பிடுவாள். வாடகைக்குக் கையில் காசு ஏது? மக்காச்சோளத்தையே அளந்து கொடுப்பாள். கென்யச் சந்தைகளில் மாவும் தானியமும் அளக்க இரண்டு கிலோ பிடிக்கும் தகர டப்பா ஒன்று உண்டு, ‘கோரோகோரோ’ என்பார்கள். கழுதைக்காரருக்குச் சில டப்பா, அரைவை மில்காரருக்குச் சில டப்பா. அலுவலக அறிக்கையிலோ முழு மூட்டையும் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக இருக்கும்.

விநியோக இடம் 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் கையேட்டின் 2018 பதிப்பு சொல்லும் அளவு; அதற்கு முன் 10 கிலோமீட்டர். லாரி போகும் சாலையை வைத்து இடத்தை முடிவு செய்தால் இந்த அளவு காற்றில் பறந்துவிடும். மூட்டையைச் சின்னதாகக் கட்டலாம். நண்பகலுக்குள் விநியோகத்தை முடிக்கலாம். அப்போதுதான் இருட்டுவதற்குள் அவள் வீடு சேர்வாள். காலையில் கிணற்றடிக்குப் போகும் வேளையில் கூப்பிடாமலாவது இருக்கலாம். பெரிய செலவில்லாத இந்தக் காரியங்கள்தான் கடைசியாக நினைவுக்கு வருகின்றன.

முழு மக்காச்சோளத்துக்குப் பதில் மாவாகவே கொடுத்தால் என்ன?

அரைவை மில் இல்லாத இடத்தில் மாவுதான் சரி. ஆனால் அந்த வெயிலில் மாவு சீக்கிரம் கெட்டுவிடும், தானியம் தாங்கும். தானியம் கொடுத்தால் அரைவைக் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். பயறாகத் தரும் காய்ந்த அவரை வேக மணிக்கணக்கில் விறகு எரிய வேண்டும், தண்ணீரும் வேண்டும். வறட்சியில் அவளிடம் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

இந்தியாவில் ரேஷன் அட்டைக்கு மூத்த பெண்ணே குடும்பத் தலைவி என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதையே அங்கும் செய்யலாமே?

பெயர் விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் அங்கே நிலையான முகவரியும் இல்லை, தெருமுனையில் கடையும் இல்லை. குடும்பம் நகர்ந்தால் அட்டை செல்லுபடியாகும் இடமும் கூடவே நகர வேண்டும்.

பணமாகக் கொடுத்துவிட்டால் இத்தனை தொல்லையும் இல்லையே?

கென்யாவின் பசிப் பாதுகாப்பு வலைத் திட்டம் நீங்கள் மேலே பார்த்த நான்கு பகுதிகளிலும் வங்கிக் கணக்கு வழியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் தருகிறது. சந்தை இயங்கும் இடத்தில் எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் தானியம் போலப் பணத்துக்கு, அது பெண்ணின் கைக்குரியது என்ற வழக்கம் இல்லை. வங்கி அட்டை யார் பையில், ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

பட்டியலில் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்கும் பங்கிட்டுவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுக்காதீர்கள். இன்று தானியம் கொடுக்காதவளுக்கு நாளை யாரும் கறவை ஆட்டை இரவல் தரமாட்டார்கள். மெலிந்த குழந்தைக்கென்று தரும் சத்துமாவும் இப்படித்தான் கரையும்; அதனால் குழந்தையின் பங்கோடு வீட்டுக்கும் ஒரு பங்கு சேர்த்துத் தருவது உண்டு.

உணவுக்குப் பதிலாகக் கால்நடைகளைக் காப்பாற்றினால்?

வீட்டருகே உள்ள கறவைகளை மட்டுமாவது காப்பாற்றலாம். குழந்தைகளின் முக்கிய உணவே பால். எத்தியோப்பியாவின் சோமாலி பகுதியில் வறட்சிக் காலத்தில் கறவைகளுக்குத் தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். பால் கிடைத்தது, குழந்தைகளின் உடல்நிலையும் சரியாமல் நின்றது. தீவனத்தையும் கறக்கிறவள் கையிலேயே கொடுங்கள், ஒரு வீட்டுக்கு இரண்டொரு கறவை என்று வரையறுத்து. மந்தைக்கென்று மொத்தமாகக் கொடுத்தால், விற்பனைக்கு நிற்கும் காளைக்கே முதலில் போகும்.