பூனைக்கு உடம்பு சரியில்லையா? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு மூன்று வயது. நேற்று இரவிலிருந்து மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான். ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். முதலில் மணலைக் கிளறிப் பாருங்கள். நேற்று இரவுக்குப் பிறகு சிறுநீர் பட்ட ஈரக்கட்டி ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் மேலே படிக்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. பொடிப்பொடியான படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பார்ப்பவருக்கு மலச்சிக்கல் போலவே தெரியும், பலர் ஏமாறுவது இங்கேதான். அடிக்கடி நக்கிக்கொள்வது, தட்டில் நின்று கத்துவது, அப்புறம் வாந்தி, சோர்வு என்று போகும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். அடிவயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை கிழியக்கூடும்.

கேள்வி: மூக்கு காய்ந்திருக்கிறது. காய்ச்சலா?

பதில்: மூக்கை விடுங்கள். தூங்கி எழுந்தாலே காயும். பூனையின் உடல்சூடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான், 39 வரை சாதாரணம். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் பயப்பட வேண்டும்.

கேள்வி: எங்கள் குண்டுப் பூனை இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. "இளைக்கட்டுமே" என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அவரிடம் இதைக் காட்டுங்கள். பூனைக்குப் பட்டினி ஆகாது, குண்டுப் பூனைக்கு அறவே ஆகாது. உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்ப் படிந்து அதை முடக்கிவிடும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 13 வயதுப் பூனை. முன்னைவிட அதிகம் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது. ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

பதில்: வயதான பூனை திடீரென்று குட்டி மாதிரி ஆடினால் நான் சந்தேகப்படுவேன். என் வீட்டுக் கிழவி அப்படித் துள்ளியபோது மகிழ்ந்துபோய் இரண்டு மாதத்தைக் கோட்டைவிட்டவன் நான். தைராய்டு மிகையாகச் சுரந்தால் இப்படித்தான் இருக்கும். தண்ணீரும் அதிகம் குடித்தால் சர்க்கரை நோயையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதோடு, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவது 60 கிலோ ஆள் ஆறு கிலோ குறைவதற்குச் சமம்.

கேள்வி: மூச்சு வேகமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. இரண்டு மூன்று தடவை எண்ணியும் தாண்டினால் காட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணவே வேண்டாம், ஓடுங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை?

பதில்: கூடவே கூடாது. பூனைக்கு அது விஷம். மனித மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். அடைப்பேதான், குழாய் வைத்து எடுத்தார்கள். மறுபடி வருமா?

பதில்: அப்பாடா! வரலாம், முதல் சில வாரம் கவனம். உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனி கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தினமும் மணலில் எத்தனை கட்டி என்று எண்ணிக் குறித்துவையுங்கள்.